ஸர் சி.பி.யும் மணவாளக்குறிச்சி மணலும்

நாஞ்சில் நாட்டுக் கரையிலே, மணவாளக்குறிச்சியில் அலை ஒதுக்கும் கருமணல் யாருடைய சொத்து? ஆட்சி மாறிய போதெல்லாம் இக்கேள்விக்கு விடையும் மாறிற்று. அந்த மாற்றத்தின் நடுவே நின்றவர் ஸர் சி.பி. ராமஸ்வாமி ஐயர்.

அவர் 1879 நவம்பர் 12-ல் வந்தவாசியில் பிறந்தார். சென்னை ஹைகோர்ட்டில் பெரும்புகழ் ஈட்டினார். அன்னி பெஸன்ட் அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்தில் உழைத்து, 1917-ல் காங்கிரஸ் காரியதரிசிகளுள் ஒருவரானார். தேச சேவையில் தொடங்கிய அவரே பின்னர் சர்க்கார் பக்கம் சாய்ந்தது விந்தைதான். 1936-ல் திருவாங்கூர் திவானானார். ஆலயப் பிரவேசப் பிரகடனம் அவ்வாண்டே வெளிவந்தது. அந்தப் பெருமையை அவருக்கு மறுப்பது நியாயமன்று.

தேங்காய் நாரில் ஒட்டிச் சென்ற மணலைச் சோதித்து, அதில் மோனஸைட் இருப்பதை 1909-ல் கண்டவர் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய ரஸாயனி. அதிலுள்ள தோரியம் அக்காலத்தில் காஸ் விளக்கு வலைக்குப் பயன்பட்டது. சமஸ்தானத்தின் அனுமதி பெற்ற அந்நியக் கம்பெனிகள் மணலை அப்படியே கப்பலேற்றின; தொழிலும் லாபமும் வேறு நாட்டுக்குப் போயின. 1945-ல் அணுகுண்டு வெடித்ததும் தோரியத்தின் மதிப்பே வேறாயிற்று. மணலை இங்கேயே பக்குவப்படுத்த வேண்டும் என்பது திவானின் கொள்கை. அது சரியான கொள்கையே.

ஆனால் எந்த அதிகாரத்தில்? மேலாதிக்கம் நீங்கினால் ஆட்சி முழுதும் மஹாராஜாவிடம் திரும்பும் என்று அவர் வாதித்தார். 1947 ஜூன் 11-ல் திருவாங்கூர் தனிநாடாகும் என அறிவித்தார். மோனஸைட் விற்க பிரிட்டிஷாருடன் உடன்பாடும் செய்தார். அவ்வாண்டுச் சுதந்திரச் சட்டத்தின் 7-வது பிரிவைப் படிக்கும் வக்கீல் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட மாட்டார். ஆயினும் பிரஜைகளைக் கேளாத வாதம் அது. ஜூலை 25-ல் திருவனந்தபுரத்தில் ஒருவர் அவரை வெட்டினார். சமஸ்தானம் இணைய இசைந்தது. ஆகஸ்டில் அவர் பதவி துறந்தார்.

இணைப்புப் பத்திரம் பாதுகாப்பு, அந்நிய விவகாரம், போக்குவரத்துத் தொடர்பு என மூன்று விஷயங்களையே டில்லிக்குத் தந்தது, மணல் அதிலில்லை. 1950-ல் அரசியல் சட்டம் அணுசக்திக்குரிய கனிமங்களை மத்திய பட்டியலில் சேர்த்தது. அவ்வாண்டே இந்திய அரிய மணல் கம்பெனி பிறந்தது; 1952-ல் ஆலுவாயில் மோனஸைட் ஆலை இயங்கலாயிற்று. திவான் விரும்பிய காரியத்தை, அவர் எதிர்த்த டில்லியே நிறைவேற்றிற்று!

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. நிலம் கைமாறிற்று, பழைய திருவாங்கூர்ச் சட்டங்களோ, சட்டசபை மாற்றும் வரை செல்லும் என மறுசீரமைப்புச் சட்டமே விதித்தது. அணுக்கனிமத்தின் மீது டில்லியின் அதிகாரம் அப்படியே நின்றது. 1957-ன் கனிமச் சட்டமும் 1962-ன் அணுசக்திச் சட்டமும் அப்பிடியை இறுக்கின. 1965-ல் மணவாளக்குறிச்சி ஆலையையே மத்திய சர்க்காரின் கம்பெனி ஏற்றது.

மறுவருஷம் செப்டம்பர் 26-ல் ஸர் சி.பி. லண்டனில் காலமானார்.