அலன் ரியூரிங் (1912 – 1954)

மாணவர்களே, பல கணினிகளை வலையமைப்பினால் இணைத்து ஒரு பெரிய வேலையைப் பகிர்ந்து செய்விக்கும் முறை கிறிட் கணிமை எனப்படும். வேலை பல இடங்களுக்குப் பிரிந்து செல்லும்போது இரகசியத்தை எவ்வாறு காப்பது? இலத்திரனியற் கணினி பரவுமுன்னரே இவ்வினாவை எதிர்கொண்டோருள் ஒருவர் அலன் ரியூரிங் ஆவார்.

இவர் 1912 யூன் 23 இல் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்திற் பணியாற்றிய இந்திய சிவில் சேவை அதிகாரி. தாயார் கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள போத்தனூரிற் பிறந்தவர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்ற ரியூரிங், கட்டளைகளை மாற்றி வெவ்வேறு கணிப்புகளைச் செய்விக்கத்தக்க பொதுப் பொறி பற்றிய கருத்தை 1936 இல் வெளியிட்டார். இன்றைய கணினியின் அடிப்படை இதுவே.

1939 செப்ரெம்பரில், இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்திற் பணியேற்றார். ஜேர்மனியர் எனிக்மா பொறியினாற் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்பினர். அதன் அமைப்பு நாள்தோறும் மாற்றப்பட்டது. போலந்துக் கணிதவியலாளர் முன்னரே கண்ட வழிகளை அறிந்திருந்த ரியூரிங், அவ்வமைப்பைத் தேடும் பொம்ப் என்னும் பொறியை வடிவமைத்தார். முதற்பொறி 1940 இல் இயங்கியது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். எனிக்மா வலிமையான பொறிதான். ஆனால் அதைப் பயன்படுத்தியோர் வானிலை அறிக்கை போன்றவற்றை ஒரே சொற்களில் மீண்டும் மீண்டும் அனுப்பினர். ஊகிக்கத்தக்க அச்சொற்களே பொம்ப் பொறிக்கு வழிகாட்டின. உங்கள் பெயரையே கடவுச்சொல்லாக வைப்பதும் இத்தகைய தவறே.

போர் முடிவதற்குள் 200 இற்கும் மேற்பட்ட பொம்ப் பொறிகள் பல ஊர்களில் நிறுவப்பட்டன. ஓரிடம் குண்டுவீச்சுக்கு உள்ளானாலும் பணி தடைப்படாது. அவற்றை இயக்கிய பெண்களுக்கு வேலைக்கு வேண்டிய அளவே தெரிவிக்கப்பட்டது. பின்னர் 2006 இல், 1942 ஆம் ஆண்டிலிருந்து உடைக்கப்படாதிருந்த எனிக்மா செய்தியொன்றைத் தொண்டர்களின் கணினிகள் இணையத்தினூடாக வேலையைப் பகிர்ந்து உடைத்தன.

நாட்டின் இரகசியங்களுக்காக உழைத்தவரை நாடு காக்கவில்லை. தன்பாலின உறவு அன்று பிரித்தானியச் சட்டத்திற் குற்றம் ஆதலால், 1952 இல் தண்டிக்கப்பட்டார். இரகசியப் பணியும் அவருக்கு மறுக்கப்பட்டது. 1954 யூன் 7 இல் 41 வயதில் இறந்தார். அவரது போர்க்காலப் பணி அப்போது இரகசியமாகவே இருந்தது. 2009 இல் பிரித்தானிய அரசு மன்னிப்புக் கோரியது; 2013 இல் அரச பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது.

நினைவிற் கொள்க
1. தரவுகளை அனுப்புமுன் மறைகுறியாக்க வேண்டும்.
2. திறவுகோல்களையும் கடவுச்சொற்களையும் ஊகிக்க முடியாதவாறு அமைக்க வேண்டும்.
3. ஒவ்வொருவருக்கும் வேலைக்கு வேண்டிய அனுமதி மட்டும் வழங்க வேண்டும்.
4. வேலையைப் பல இடங்களிற் பகிர்ந்தால், ஓரிடம் பழுதடைந்தாலும் பணி தொடரும்.

பயிற்சி: எனிக்மா உடைக்கப்பட்டமைக்குப் பொறியைவிட மனிதப் பழக்கமும் காரணமாயிற்று. விளக்குக.