ஸ்டீவன் கோல் கிளேனி

ஸ்டீவன் கோல் கிளேனி (ஜனவரி 5, 1909 – ஜனவரி 25, 1994) ஓர் அமெரிக்கக் கணிதவியலாளரும் ஏரணவியலாளரும் ஆவார். கணிமைக் கோட்பாட்டிற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். கணினி உரைகளில் சொல்வடிவங்களைத் தேடப் பயன்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சுருங்குறித்தொடர் இவரது ஆய்விலிருந்து பிறந்ததாகும்.

வாழ்க்கை

கிளேனி கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். 1930 இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். 1934 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலோன்சோ சர்ச்சின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். 1935 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். போருக்குப் பின் விஸ்கான்சினுக்குத் திரும்பி, 1979 இல் ஓய்வு பெற்றார்.

நரம்பு வலைகளும் சுருங்குறித்தொடரும்

1943 இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் ஆகியோர் மூளை நரம்பணுக்களின் வலைக்கு ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். அத்தகைய வலை எவ்வகை உள்ளீட்டு வரிசைகளை இனங்காண இயலும் என்பதை 1951 கோடையில் ராண்ட் நிறுவனத்தில் கிளேனி ஆராய்ந்தார். அக்கட்டுரை 1956 இல் நூலொன்றில் அச்சானது.

ஒன்றையடுத்து மற்றொன்று வருதல், இரண்டில் ஏதேனும் ஒன்று வருதல், ஒன்றே திரும்பத் திரும்ப வருதல் ஆகிய மூன்று செயல்களால் எழுதக்கூடிய வடிவங்கள் அனைத்தையும் முடிவுறு நிலைப்பொறி இனங்காணும். அவற்றிற்கு அப்பாற்பட்ட எதனையும் இனங்காணாது. இதுவே கிளேனியின் தேற்றம். திரும்ப வருதலைக் குறிக்கும் உடுக்குறி இவர் பெயரால் வழங்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, கல* என்பது க, கல, கலல, கலலல எனத் தொடரும் சரங்கள் அனைத்தையும் குறிக்கும்.

தேடலில் பயன்பாடு

நிலைப்பொறி உரையின் ஒவ்வோர் எழுத்தையும் ஒருமுறை மட்டுமே படிக்கிறது; படித்த எழுத்துகளை அன்றி, தான் இருக்கும் நிலையை மட்டுமே நினைவில் கொள்கிறது. எனவே பின்னோக்கிச் செல்லாமலே தேட முடிகிறது. இவ்வியல்பைப் பயன்படுத்தி 1968 இல் கென் தாம்சன் தேடலுக்கான படிமுறைத் தீர்வு ஒன்றை வெளியிட்டார். அவர் யுனிக்ஸ் இயக்குதளத்திற்காக எழுதிய கிரெப் என்னும் தேடல் கருவியும் சுருங்குறித்தொடரைக் கையாள்கிறது.

இதே தேற்றம் எல்லையையும் காட்டுகிறது. எத்தனை அடுக்குகளாகவும் அமையக்கூடிய அடைப்புக்குறிகள் சரியாக மூடப்பட்டுள்ளனவா என்பதை முடிவுறு நிலைப்பொறியால் கண்டறிய இயலாது; திறந்தவற்றை எண்ணி வைக்க அதன் நிலைகள் போதா.

பிற பணிகளும் சிறப்புகளும்

மீள்வரு சார்புகள் பற்றிய கோட்பாட்டை வளர்த்ததில் கிளேனிக்குப் பெரும்பங்கு உண்டு. 1952 இல் வெளியான இவரது ஏரண நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. 1990 இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் காலமானார்.