மேகி வாக்கரும் சில்லறைக் காசு வங்கியும்



இந்த மாதம் நான் எழுதுவது மேகி லீனா வாக்கர் அம்மையாரைப் பற்றி. அமெரிக்காவில் வங்கி தொடங்கி அதற்குத் தலைவராகவும் இருந்த முதல் கறுப்பினப் பெண் இவர்தான்.

இவர் பிறந்த ஊர் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட். தாயார் முன்பு அடிமையாக இருந்தவர். 1876-இல் வளர்ப்புத் தந்தை இறந்துபோனார். அதன்பின் தாயார் வெள்ளைக்காரர்களின் துணிகளைத் துவைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். துவைத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது சிறுமி மேகிதான்.

14 வயதில், அதாவது என் வயதில், செயின்ட் லூக் என்ற சங்கத்தில் சேர்ந்தார். உடம்பு முடியாதவர்களுக்கும் இறந்தவர் வீட்டுக்கும் பணம் கொடுத்து உதவும் சங்கம் அது. 1883-இல் படிப்பை முடித்து ஆசிரியை ஆனார். 1886-இல் கல்யாணம் ஆனதும் வேலை போய்விட்டது. கல்யாணமான பெண்கள் பாடம் நடத்தக் கூடாது என்று அங்கே விதி இருந்ததாம்!

1899-இல் சங்கத்தின் பொறுப்பு இவரிடம் வந்தது. அப்போது கையிருப்பு வெறும் 31 டாலர் 61 சென்ட். கடனோ அதைவிட அதிகம். அம்மையார் ஊர் ஊராகப் போய் உறுப்பினர் சேர்த்து, கணக்கைச் சரி செய்தார். பிறகு, நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்றார்.

அது லேசான வேலை இல்லை. ஏனென்றால் அந்த மக்கள் ஏற்கெனவே ஏமாந்தவர்கள். விடுதலையான அடிமைகளுக்காக 1865-இல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று நம்பி எல்லாரும் பணம் போட்டார்கள். நிர்வாகம் சரியில்லாமல் 1874-இல் அது மூடப்பட்டது. ஏறக்குறைய 61,000 பேரின் பணம் மாட்டிக்கொண்டது. பலருக்கு முழுப் பணம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

எங்க தெருவிலும் ஒருத்தர் சீட்டுப் பிடித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து என் பாட்டி காசை அரிசிப் பானைக்குள்தான் வைக்கிறாங்க. ஒருமுறை போன நம்பிக்கை திரும்ப வருவது அவ்வளவு கஷ்டம்.

மேகி என்ன செய்தார் தெரியுமா? முதலில் தொழிலைக் கற்றுக்கொண்டார். ஒரு வங்கிக்குத் தினமும் போய் உட்கார்ந்து, சில மாதங்கள் வேலையைக் கவனித்தார். 1902-இல் சங்கத்துக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். 1903 நவம்பர் 2-ஆம் தேதி செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியைத் திறந்தார். பென்னி என்றால் அவர்கள் ஊர்ச் சில்லறைக் காசு.

முதல் நாளே சுமார் 280 பேர் கணக்குத் தொடங்கினார்கள். ஒருவர் கொண்டுவந்தது 31 சென்ட்தான். அதையும் வாங்கி வரவு வைத்தார்கள். பிள்ளைகளுக்குச் சின்ன உண்டியல் கொடுத்தார்கள். 100 காசு சேர்ந்தால் ஒரு டாலர். அதை வைத்துக் கணக்கு ஆரம்பிக்கலாம். பெண்களுக்கும் வங்கியில் வேலை கொடுத்தார்.

சேர்ந்த பணத்தை வீடு வாங்கக் கடனாகக் கொடுத்தார். 1920-க்குள் 645 குடும்பங்கள் வீட்டுக் கடனை முழுசாக அடைத்துவிட்டன. நாம் போட்ட காசு எங்கே போகிறது என்பதை மக்கள் தங்கள் தெருவிலேயே கண்ணால் பார்த்தார்கள். அதுதான் பெரிய விளம்பரம்!

1910-இல் அதே ஊரில் கறுப்பின மக்களின் இன்னொரு பெரிய வங்கி மூழ்கியது. மேகியின் வங்கி நிலைத்து நின்றது. அந்தக் காலத்தில் டெபாசிட்டுக்கு நாடு முழுவதற்குமான அரசாங்கக் காப்பீடு கிடையாது. 1933-இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. பொருளாதார மந்தத்தில் பல வங்கிகள் விழுந்தபோது, வேறு இரண்டு வங்கிகளோடு தன் வங்கியை இணைத்துக் காப்பாற்றினார். அப்போது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். 1934 டிசம்பர் 15-இல் காலமானார். அவர் வாழ்ந்த வீடு இன்று தேசிய நினைவிடம்.

தோழர்களே, பெரிய கட்டடத்தைப் பார்த்து நம்பிக்கை வராது. 31 சென்ட் கொண்டுவந்தவரையும் மதித்து, அவர் காசுக்கு ஒழுங்காகக் கணக்கு வைத்தால்தான் வரும். நம் வகுப்பு சஞ்சயிகா ஆனாலும் சரி, நம்ம அம்மாக்களின் மகளிர் குழு ஆனாலும் சரி, கணக்கு நோட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியணும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி