தேனீக்கள் காப்பாற்றிய விஞ்ஞானி

குட்டீஸ்... தேனீக்களை நாம் காப்பாற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தேனீக்கள் ஒரு மனிதரைக் காப்பாற்றிய கதை தெரியுமா? அந்த மனிதரின் பெயர் கார்ல் வான் பிரிஷ். தேனீக்களின் நடன மொழியைக் கண்டுபிடித்து, நோபல் பரிசு பெற்றவர் அவர்.

ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவில், 1886ம் ஆண்டு, நவம்பர் 20ம் தேதி பிறந்தார் பிரிஷ். தந்தை, புகழ் பெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர். நான்கு மகன்களில் பிரிஷ் தான் கடைக்குட்டி.

சிறு வயதிலேயே பிரிஷுக்கு உயிரினங்கள் மீது கொள்ளை ஆசை. கிளி, மீன், தவளை, பூச்சி என்று கண்ணில் பட்டதை எல்லாம் வளர்த்தார். பள்ளியில் படித்த காலத்தில் மட்டும், 123 வகை உயிரினங்களை வளர்த்துக் கவனித்து, நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கோடை விடுமுறை வந்து விட்டால், புரூன்விங்கிள் என்ற ஊருக்குக் குடும்பத்துடன் போய் விடுவார். அங்கே ஏரிக்கரையில், பழைய மாவு ஆலை ஒன்று அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வரும்.

தந்தையைப் போல மருத்துவம் படிக்கத்தான் பிரிஷ் முதலில் சேர்ந்தார். ஆனால், மனம் அதில் ஒட்டவில்லை. பாதியில் விட்டு, விலங்கியலுக்கு மாறினார். 1910ல் முனைவர் பட்டம் பெற்று, ஜெர்மனியில் உள்ள மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியில் இறங்கினார்.

அப்போது மியூனிக்கில் இருந்த கண் மருத்துவப் பேராசிரியர் ஒருவர், பூச்சிகளுக்கு நிறமே தெரியாது என்று சொல்லி வந்தார். பிரிஷுக்கு அது சரியாகப் படவில்லை. நிறம் தெரியாத தேனீக்காகப் பூக்கள் ஏன் இத்தனை நிறங்களில் மலர வேண்டும் என்று யோசித்தார்.

எளிய சோதனை ஒன்று செய்தார். நீல அட்டை மீது சர்க்கரைத் தண்ணீர் வைத்து, தேனீக்களைப் பழக்கினார். பிறகு, வெளிர் சாம்பல் முதல் கரும் சாம்பல் வரை பல அட்டைகளைப் பரப்பி, நடுவில் ஒரே ஒரு நீல அட்டையை வைத்தார். இம்முறை சர்க்கரைத் தண்ணீர் எதுவும் இல்லை. ஆனாலும், தேனீக்கள் நீல அட்டையைத் தேடி வந்தன. நிறம் தெரியாவிட்டால், ஏதோ ஒரு சாம்பல் அட்டையோடு நீலத்தைக் குழப்பிக் கொண்டிருக்குமே! பேராசிரியரின் கருத்து தவறு என்று தெரிந்தது.

அடுத்து, இன்னொரு கேள்வி அவரைத் துளைத்தது. ஒரு தேனீ உணவைக் கண்டுபிடித்தால், சற்று நேரத்தில் அதே கூட்டின் தேனீக்கள் பல அங்கே வந்து விடுகின்றன. செய்தி எப்படிப் போகிறது?

கண்ணாடிச் சுவர் வைத்த கூடு ஒன்றை அமைத்தார். தேனீக்களின் முதுகில் வண்ணப் புள்ளிகள் வைத்தார். வெள்ளை என்றால் 1, சிவப்பு 2, நீலம் 3, மஞ்சள் 4, பச்சை 5. புள்ளி இருக்கும் இடத்தையும் மாற்றி, நூற்றுக்கணக்கான தேனீக்களுக்கு எண் கொடுத்தார். 1919ல், உணவோடு திரும்பிய தேனீ ஒன்று அடையின் மீது வட்டமிட்டு ஆடியதையும், மற்ற தேனீக்கள் பரபரப்போடு அதைப் பின்தொடர்ந்ததையும் கண்டார்.

1925ல் மியூனிக் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைத் தலைவரானார். எல்லாம் நன்றாகவே போயிற்று; 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வரும் வரை!

யூதர்கள் அரசுப் பணியில் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பிரிஷின் அம்மாவைப் பெற்ற பாட்டி, யூத வம்சத்தில் பிறந்தவர். பேரனின் படிப்பு, உழைப்பு எதையும் ஆட்சியாளர்கள் பார்க்கவில்லை. பாட்டியின் பிறப்பைத்தான் பார்த்தனர். 1941ன் தொடக்கத்தில், அவரைப் பணியிலிருந்து நீக்கப் போவதாகக் கடிதம் வந்தது. ஆராய்ச்சிக் கூடம், மாணவர்கள், தேனீக்கள் எல்லாம் கைவிட்டுப் போகும் நிலை.

அதே சமயத்தில் ஜெர்மனியின் தேனீக்களுக்கும் பெரிய ஆபத்து வந்திருந்தது. நோசிமா என்ற நுண்ணுயிரி, தேனீயின் குடலில் புகுந்து பெருகும். நோய் கண்ட தேனீ பலவீனமாகி, சீக்கிரமே இறந்து விடும். இந்த நோய் பரவி, லட்சக்கணக்கான தேன்கூடுகள் அழிந்தன.

போர்க்காலம் அது. உணவு ஒவ்வொரு கவளமும் முக்கியம். தேன் குறைந்தால் சமாளிக்கலாம். ஆனால், தேனீ குறைந்தால்? ஆப்பிளும் செர்ரியும் பூக்கும், காய்க்காது. எண்ணெய் வித்துக்களின் விளைச்சல் குறையும். மாட்டுத் தீவனப் பயிருக்கு விதை கிடைக்காது. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவுக்குக் கொண்டு போவது தேனீ தானே!

அப்போதுதான் அரசுக்குத் தேனீயின் அருமை தெரிந்தது. தேனீயைப் பிரிஷ் அளவுக்கு அறிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. அவருக்காகச் சிலர் பரிந்து பேசினர். 1942ல், பதவி நீக்கம் போர் முடியும் வரை தள்ளி வைக்கப்பட்டது. நோய்க்குத் தீர்வு தேடும் பணியும், பயிர்களைத் தேடிச் செல்லத் தேனீக்களைப் பழக்கும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. வாழ்நாள் எல்லாம் அவர் நேசித்த தேனீக்களே அவர் வேலையைக் காப்பாற்றின.

1944ல், மியூனிக் மீது விழுந்த குண்டுகளால் அவரது வீடு இடிந்தது. ஆராய்ச்சிக் கூடமும் சேதமடைந்தது. பிரிஷ் தேனீக்களோடு புரூன்விங்கிள் போய்ச் சேர்ந்தார். சிறு வயதில் விளையாடிய அதே ஏரிக்கரையில் தான், அவரது மிகப் பெரிய கண்டுபிடிப்பு பிறந்தது.

வட்ட நடனம் தேனைக் குறிக்கும், வாலாட்டு நடனம் மகரந்தத்தைக் குறிக்கும் என்று அதுவரை எழுதியிருந்தார். உணவைத் தொலைவில் வைத்துப் பார்த்த போதுதான், அது தவறு என்று தெரிந்தது. தயங்காமல் தன் கருத்தை மாற்றிக் கொண்டார். உணவு அருகில் இருந்தால் வட்ட நடனம். தொலைவில் இருந்தால், உடலின் பின்பகுதியை ஆட்டியபடி நேராக ஓடி, எட்டு போலச் சுற்றி வரும் நடனம். செங்குத்தான அடையில் மேல் நோக்கி ஓடினால், உணவு சூரியன் இருக்கும் திசையில் இருக்கிறது. கீழ் நோக்கி ஓடினால், அதற்கு எதிர்த்திசை. ஆட்டம் நீண்டால், தூரமும் அதிகம். இருட்டுக் கூட்டுக்குள் ஒரு பூச்சி வரைபடமே வரைந்து காட்டுகிறது!

1950களில், அவரது மாணவர் மார்ட்டின் லிண்டாயர் இலங்கைக்கு வந்து, நம் பக்கத்து மலைத்தேனீ, கொம்புத்தேனீ ஆகியவையும் நடனமாடுவதை ஆராய்ந்தார்.

1973ல், பிரிஷுக்கும், லோரன்ஸ், டின்பெர்கன் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. 1982ம் ஆண்டு, ஜூன் 12ம் தேதி, 95வது வயதில் பிரிஷ் காலமானார்.

அவர் மறைந்த பிறகும் தேனீக்களின் துன்பம் தீரவில்லை. 2006ல், அமெரிக்காவில் பல பெட்டிகளில் ராணித் தேனீயும், தேனும் இருக்க, வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் காணாமல் போயின. நோய்கள், ஒட்டுண்ணிகள், பூச்சிக்கொல்லிகள், பூச்செடிகள் குறைந்து போனது என்று பல காரணங்கள் தேனீக்களை வாட்டுகின்றன. சில பூச்சிக்கொல்லிகள் சிறிதளவு பட்டாலே, தேனீ வீடு திரும்பும் வழியை மறந்து விடுகிறது. வீடு திரும்பாத தேனீ, யாருக்கு நடனமாடிக் காட்டும்? இதனால், மூன்று வகைப் பூச்சிக்கொல்லிகளைத் திறந்த வயல்களில் பயன்படுத்த, ஐரோப்பிய யூனியன் 2018ல் தடை விதித்தது.

தேனீ இல்லாவிட்டாலும் நெல்லும் கோதுமையும் விளையும். அவற்றுக்குப் பூச்சிகள் தேவையில்லை. ஆனால், உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் நான்கில் மூன்று பங்குக்கு, தேனீ போன்ற உயிர்களின் உதவி ஓரளவாவது தேவை. அவை இல்லாவிட்டால், தட்டில் சோறு இருக்கும். காயும் கனியும் குறைந்து விடும்.

நோய் வந்து லட்சக்கணக்கான கூடுகள் அழிந்த பிறகுதான், அன்றைய அரசுக்குத் தேனீயின் அருமை புரிந்தது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டாம், குட்டீஸ்! இந்த ஞாயிற்றுக்கிழமை, பூத்திருக்கும் ஒரு செடி அருகே பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். எத்தனை தேனீக்கள் வந்தன, எந்தப் பூவில் அமர்ந்தன என்று நோட்டில் எழுதுங்கள். பிரிஷும் இப்படித்தான் தொடங்கினார்!