கடையத்துச் செல்லம்மா

நுழையும்முன்
ஒரு கவிஞரின் பெருமையை உலகம் அறிகிறது. அவர் வீட்டு அடுப்பில் உலை ஏறியதா என்பதை அவருடைய மனைவி மட்டுமே அறிகிறார். மகாகவி பாரதியாரின் துணைவியார் செல்லம்மா அன்புக்கும் ஊர்வழக்கத்திற்கும் இடையே நின்று வாழ்ந்தவர். கணவர் மறைந்தபின் அவர் எழுத்தைக் காக்க முன்வந்தவர். அவருடைய வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

பிறப்பும் திருமணமும்
மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில் அமைந்த ஊர் கடையம். இவ்வூரில் செல்லப்பா ஐயரின் மகளாக 1890ஆம் ஆண்டு செல்லம்மா பிறந்தார். அக்கால வழக்கப்படி 1897இல், ஏழு வயதில், பதினான்கு வயது நிரம்பிய சுப்பிரமணிய பாரதிக்கு மணம் செய்விக்கப்பட்டார். மறு ஆண்டே பாரதியின் தந்தை மறைந்தார். பாரதி காசிக்குச் சென்றார். செல்லம்மா கடையத்தில் இருந்தார். கணவரின் போக்கைப் பற்றிக் கவலை கொண்ட இளம் மனைவிக்குப் பாரதி எழுதிய மறுமொழி, அந்தக் கவலையை விடுத்துத் தமிழை நன்கு கற்குமாறு அறிவுறுத்தியது. பெண் கல்வி அரிதாயிருந்த காலத்தில், தம் மனைவியைக் கற்றவராகக் காண விரும்பிய கணவரின் உள்ளம் அதில் வெளிப்பட்டது.

புதுவை வாழ்வு
ஆங்கில அரசின் அடக்குமுறையால் 1908இல் பாரதி புதுவைக்குச் சென்றார். பின்னர்ச் செல்லம்மாவும் அங்குச் சென்று குடும்பம் நடத்தினார். தங்கம்மாள், சகுந்தலா என்னும் இரு பெண்மக்களைப் பேணும் பொறுப்பு அவர்மேல் இருந்தது. சமையலுக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு வாரி இறைத்த நிகழ்ச்சி அனைவரும் அறிந்ததே. குருவிகள் உண்பதைக் கண்டு கவிஞர் மகிழ்ந்தார். அடுத்த வேளை உணவுக்கு வழிதேடும் கடமையோ செல்லம்மாவுக்கு உரியதாயிற்று. கவிஞரின் கருணையும் இல்லத்தரசியின் கவலையும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே நின்றன. இரண்டும் நியாயமானவையே.

கடையத்தில் இரு ஆண்டுகள்
1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறிய பாரதி கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். அடுத்த மாதம் விடுதலை பெற்றதும் குடும்பத்துடன் கடையம் வந்து சேர்ந்தார். செல்லம்மாவுக்கு அது பிறந்த ஊர். உற்றாரும் உறவினரும் வாழ்ந்த ஊர். அங்கே பாரதி சாதி வேறுபாடு பாராது எல்லாரோடும் பழகினார். மனைவியின் தோளில் கைபோட்டுத் தெருவில் நடந்தார் என்பர். கணவனுக்குப் பின்னே சில அடி தள்ளி மனைவி நடப்பதே முறை எனக் கருதிய ஊரார் அதனை ஏற்கவில்லை. பழித்தலும் விலக்குதலும் தொடர்ந்தன. அவற்றின் சுமை பாரதியைவிடச் செல்லம்மாவையே மிகுதியாக வருத்தியிருக்க வேண்டும். வந்தவருக்கு அது புதிய ஊர், அவருக்கோ தாய்வீடு. ஒருபுறம் சுற்றம், மறுபுறம் கணவர் என்ற நிலையில் அவர் கணவரின் பக்கமே நின்றார்.

வறுமையும் விலகவில்லை. 1919இல் பாரதி எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதினார். 1920இல் தம் படைப்புகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டு நண்பர்களிடம் பொருளுதவி கோரினார். அத்திட்டம் கைகூடவில்லை. அவ்வாண்டே சென்னைக்குச் சென்று சுதேசமித்திரன் இதழில் மீண்டும் பணியேற்றார். 1921 செப்டம்பரில், 39 வயது நிறைவதற்கு முன்பே மறைந்தார்.

எழுத்தைக் காத்தவர்
அப்போது செல்லம்மாவுக்கு வயது முப்பத்தொன்று. கைப்பொருள் இல்லை, கைம்பெண்ணுக்கு அக்காலச் சமூகம் விதித்த கட்டுப்பாடுகளோ பல. எனினும் பாரதி ஆச்ரமம் என்னும் பெயரில் பதிப்பகம் தொடங்கி, 1922இல் சுதேச கீதங்களை வெளியிட்டார். 40 நூல்கள் என்ற கணவரின் கனவு பெரிது. செல்லம்மா தொடங்கிய பணி சிறிது. ஆயினும் கனவாகவே நின்றுவிடாமல் அச்சேறியது அச்சிறிய பணியே. 1949இல் அரசு பாரதியின் படைப்புகளைப் பொதுவுடைமையாக்கியபோது அவர் குடும்பத்தாருக்கு ரூபாய் 15,000 வழங்கியது.

சொல்லில் தீட்டிய உருவம்
புதிய ஓவிய நெறி கண்ட பிரெஞ்சு ஓவியர் பால் செசான், தம் மனைவி ஓர்தான்சை இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் தீட்டினார். அவர்களிடையே இருந்த பிணைப்பையும் விலகலையும் அவ்வோவியங்களில் காண்போர் உண்டு. ஆனால், ஓர்தான்சின் எண்ணம் யாதென ஓவியம் உரைப்பதில்லை. செல்லம்மாவோ தாமே பேசினார். தவப்புதல்வர் பாரதியார் சரித்திரம் என்னும் நூலில் கணவரின் வாழ்வைக் கூறினார். 1951இல் திருச்சி வானொலியில் என் கணவர் என்னும் தலைப்பில் உரையாற்றினார். கவிஞரைப் போற்றியதோடு, கவிஞரின் மனைவியாக வாழ்வதன் இடர்ப்பாட்டையும் அவர் மறைக்கவில்லை. குறையை மறைத்துப் புகழ்வது எளிது. குறையையும் கூறி அன்பு குன்றாதிருப்பது அரிது. 1955இல் அவர் இயற்கை எய்தினார்.

2022ஆம் ஆண்டு கடையத்தில் பாரதி – செல்லம்மா இருவரின் முழுவுருவச் சிலை நிறுவப்பட்டது. அதில் பாரதியின் கை செல்லம்மாவின் தோளில் படிந்துள்ளது. எந்தத் தோழமையை ஊர் ஒருகாலத்தில் பழித்ததோ, அதே தோழமை இன்று அவ்வூரின் அடையாளமாக நிற்கிறது. அதனைக் காணும்போது கையை வைத்தவரை மட்டுமன்றி, அந்தக் கையின் சுமையையும் ஊரின் பழியையும் ஒருங்கே தாங்கிய தோளையும் நாம் நினைத்தல் வேண்டும்.