வீரப்பன் ஊரில் மாரியம்மன் கோயில் கட்டிய வன அதிகாரி: யார் இந்த ஸ்ரீநிவாஸ்?

வீரப்பன் பெயர் உங்களுக்குத் தெரியும். அந்த மீசையும் தெரியும். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ பிறந்து, தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தடவைகூடப் போகாதவராக இருக்கலாம். ஆனாலும் 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ஹண்ட் ஃபார் வீரப்பன்' தொடரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். பார்க்காவிட்டாலும் வீரப்பனைப் பற்றி ஏதாவது ஒரு ரீல்ஸ் உங்கள் கைப்பேசிக்கு வந்திருக்கும்.

வீரப்பன் கதையை யார் சொன்னாலும் அதில் ஒரு வன அதிகாரி வருவார். கையில் ஆயுதம் இல்லாமல் காட்டுக்குள் போவார், திரும்பி வரமாட்டார். அப்புறம் கதை மறுபடியும் வீரப்பனிடமே போய்விடும். கொன்றவரைப் பற்றி இத்தனை படமும் தொடரும் இருக்கிறது, கொல்லப்பட்டவரின் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அவர் பெயர் பந்தில்லபள்ளி ஸ்ரீநிவாஸ். கொல்லப்பட்டபோது வயது 37.

மலாக்காவில் இருக்கும் உங்களுக்கு இது எதற்கு?

ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. ஸ்ரீநிவாஸ் வேலை பார்த்த கோபிநத்தம், சேலம் மாவட்டத்து மேட்டூருக்குப் பக்கத்தில், எல்லை தாண்டி கர்நாடகத்தில் இருக்கும் ஊர். மாநிலம்தான் கர்நாடகம், ஊர் பேசுவது தமிழ்.

இன்னொரு காரணமும் உண்டு. 1948-ல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது தோட்டத்தில் இருந்த உங்கள் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி காலத்தை நினைத்துப் பாருங்கள். காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள். வெளியே போலீஸும் ராணுவமும். அவர்களுக்கு அரிசி கொடுத்தால் இவர்கள் பிடிப்பார்கள், இவர்களிடம் பேசினால் அவர்கள் சுடுவார்கள். 1950 பிப்ரவரி 23 விடியற்காலையில், ஜொகூரின் மூவார் மாவட்டத்தில் உள்ள புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டது. சார்ஜன்ட் ஜமில் முகமது ஷாவும் அவருடைய ஆட்களும் சரணடைய மறுத்துச் சண்டையிட்டு இறந்தார்கள். நிலையத்தோடு இருந்த குடியிருப்பில் மனைவிமார்களும் பிள்ளைகளும்கூட இறந்தார்கள். மூன்றரை வருஷம் கழித்து, 1953 செப்டம்பரில், கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட முதல் 'வெள்ளைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டது மலாக்காவின் ஒரு பகுதிதான்.

1990-ல் கோபிநத்தம் இருந்த நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான். காட்டுக்குள் இருந்தவர்களுக்கு அரசியல் கொள்கை எதுவும் இல்லை என்பதுதான் வித்தியாசம். அங்கே விஷயம் தந்தமும் சந்தனமும்.

சந்தன மரம் யாருடையது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஊர் ஏன் வீரப்பன் பக்கம் நின்றது என்று புரியாது. மைசூர் பகுதியில் சந்தனம் ராஜ மரம். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே அது அரசாங்கத்தின் சொத்து. உங்கள் கொல்லையில் தானாக முளைத்தாலும் மரம் உங்களுடையது இல்லை. அந்தச் சட்டம் கர்நாடகத்தில் 2001-லும் தமிழ்நாட்டில் 2002-லும்தான் தளர்ந்தது. நம்ம ஊர் அகில் மரத்தை, அதாங்க காஹாரு, அதை நினைத்துக்கொண்டால் விலை என்ன மாதிரி என்று ஓரளவு பிடிபடும்.

ஆக, காட்டைச் சுற்றிலும் விலையுயர்ந்த மரம், ஊருக்குள் வேலை இல்லை. வெட்டக் கூலி கொடுக்க வீரப்பன் தயார். வனத்துறை என்றால் அந்த மக்களுக்குத் தெரிந்தது காக்கி உடுப்பு, வழக்கு, அடி. 1952-ல் அதே ஊரில் பிறந்த வீரப்பன் அவர்களுக்குச் சொந்தக்காரர். அவரைக் காட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அன்பு பாதி, பயம் பாதி.

ராஜமுந்திரியில் இருந்து ஒரு பையன்

ஸ்ரீநிவாஸ் 1954 செப்டம்பர் 12 அன்று ஆந்திராவின் ராஜமுந்திரியில் பிறந்தார். கோதாவரிக் கரை ஊர். தாய்மொழி தெலுங்கு. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1979-ல் இந்திய வனப் பணிக்குத் தேர்வாகி, கர்நாடகத்துக்கு வந்தார். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். மாதிரியே ஐ.எஃப்.எஸ். என்று ஒன்று இருக்கிறது. சினிமாவில் வராததால் பலருக்குத் தெரிவதில்லை.

சாமராஜநகர் பகுதியில் வன அதிகாரியாக இருந்தபோதுதான் வீரப்பன் என்ற பெயர் அவருடைய வாழ்க்கைக்குள் வருகிறது. அப்போது வீரப்பன் தேசிய அளவில் பிரபலம் இல்லை, யானைத் தந்தத்துக்காகத் தேடப்பட்ட ஆள், அவ்வளவுதான். 1986-ல் பிடிபட்டார். பூதிபடகா என்ற இடத்தில் இருந்த வனத்துறை விடுதியில் வைத்து விசாரித்தார்கள். விசாரணையில் ஸ்ரீநிவாஸுக்கும் பங்கு உண்டு. அங்கிருந்துதான் வீரப்பன் தப்பினார். எப்படித் தப்பினார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். தப்பியபோது ஸ்ரீநிவாஸ் அங்கே இல்லை என்பது மட்டும் எல்லாக் கதையிலும் பொதுவாக வருகிறது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீரப்பனை நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசிய அதிகாரிகள் மிகக் குறைவு. அவர்களில் ஒருவர்தான் ஐந்து வருஷம் கழித்து ஆயுதம் இல்லாமல் அவரைப் பார்க்கப் போகிறார்.

எதிரியின் ஊரிலேயே குடியிருப்பு

1990 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் கர்நாடக போலீஸார் நான்கு பேரைக் கொன்றது. அதற்கப்புறம்தான் சிறப்பு அதிரடிப்படை. ஸ்ரீநிவாஸ் அதில் சேர்ந்தார். மற்றவர்கள் காட்டைச் சுற்றி வளைப்பது பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, இவர் நேராகக் கோபிநத்தத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்.

போய் என்ன செய்தார்? முதலில் மருந்து. ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கும் நடமாடும் மருந்தகம் ஒன்றை ஏற்பாடு செய்தார். வீரப்பனின் சொந்தச் சகோதரியே அந்த வேலையில் உதவியாக இருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு குடிதண்ணீர், வீடில்லாதவர்களுக்கு வீடு. சரணடைந்தால் வழக்கை ஒழுங்காக நடத்தித் தருவதாகக் கும்பலில் இருந்தவர்களுக்கு நம்பிக்கை கொடுத்தார். சிலர் துப்பாக்கியை வைத்துவிட்டு வந்தார்கள்.

அப்புறம்தான் கோயில். கைக்காசைப் போட்டு ஊருக்கு ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். இது எவ்வளவு பெரிய காரியம் என்று மலாக்கா தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்த பிறகும், ஆள் நடமாட்டமில்லாத செம்பனைக்கு நடுவில் மாரியம்மன் மட்டும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். திருவிழாவுக்கு மட்டும் பட்டணத்தில் இருந்து கார்கள் வந்து நிற்கும். ஊர் என்றால் அந்தக் கோயில்தான். தெலுங்கு பேசும் ஒரு அரசாங்க அதிகாரி இதைப் புரிந்துகொண்டு, ஜீப்புக்கும் துப்பாக்கிக்கும் முன்னால் அம்மனுக்கு ஓர் இடம் கட்டியிருக்கிறார்.

நல்லவராக இருந்ததால் மட்டும் செய்தாரா, இல்லை வீரப்பனைத் தனிமைப்படுத்தும் திட்டமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவர் வந்தது வீரப்பனைப் பிடிக்க, அதை அவர் மறைக்கவும் இல்லை. மலாயாவில் டெம்ப்ளர் காலத்தில் மக்கள் மனதை வெல்வது என்று சொன்னதும் போர் உத்திதானே. ஆனால் உத்தி என்றால் ஒரு மருந்துப் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். இவர் அந்த ஊரிலேயே வாழ்ந்தார். சம்பளம் வாங்குகிற வேலைக்கு அவ்வளவு தேவையில்லை.

1991 நவம்பர் 10

இடையில் வீரப்பனின் சகோதரி உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு யார் காரணம் என்பதில் இன்றுவரை வேறு வேறு பேச்சு உண்டு. வீரப்பன் பழியை ஸ்ரீநிவாஸ் மேல் போட்டார். ஊர் தன் கையை விட்டு நழுவுகிறது என்ற கோபமும் இருந்திருக்க வேண்டும், இது என் ஊகம்.

வீரப்பனின் தம்பி அர்ஜுனன் ஸ்ரீநிவாஸோடு பேச்சுவார்த்தையில் இருந்தவர். அவர் மூலமாக ஒரு தகவல் வந்தது: அண்ணன் சரணடையத் தயார், ஆனால் நீங்கள் ஆயுதம் இல்லாமல், படை இல்லாமல் வர வேண்டும். ஸ்ரீநிவாஸ் ஒத்துக்கொண்டார். அர்ஜுனனோடு காட்டுக்குள் நடந்து போனார். நவம்பர் 10 காலையில் காத்திருந்து சுட்டுக் கொன்றார்கள். தலையைத் துண்டித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தலை பல காலம் கழித்துத்தான் கிடைத்தது.

ஏமாளி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீரப்பனின் குணம் அவருக்குத் தெரியும், 1986-லேயே பார்த்திருக்கிறார். ஆனால் ஒன்றரை வருஷமாக அந்த மலையில் அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தது, வந்தால் கொல்லமாட்டோம், நம்புங்கள் என்பதுதான். அப்படிச் சொன்னவர், தன்னை நம்பி ஒருவன் வருவதாகச் செய்தி வரும்போது ஐம்பது துப்பாக்கியோடு போனால் அதற்கு முன்னால் சரணடைந்தவர்களுக்கு என்ன அர்த்தம்? அவருக்கு வேறு வழி இருந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருந்திருக்கலாம்.

அவருக்குப் பிறகு

1992 ஜனவரி 26 அன்று இந்திய அரசு கீர்த்தி சக்ரா விருது அறிவித்தது. போர் அல்லாத காலத்து வீரத்துக்கு இந்தியா கொடுக்கும் விருதுகளில் இரண்டாவது பெரியது. ராணுவத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் போகும்.

மலையில் நடந்தது வேறு. 1992 ஆகஸ்ட் 14-ல் மைசூர் போலீஸ் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் பொறியில் சிக்கிக் கொல்லப்பட்டார்கள். 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். பதிலுக்கு இரண்டு மாநில அதிரடிப்படைகளும் இறங்கின. கிராமத்து மக்களைச் சந்தேகத்தின் பேரில் அள்ளிக்கொண்டு போனார்கள், சித்திரவதை செய்தார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்து விசாரித்தது. 2007-ல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது.

தமிழ்நாட்டுப் பக்கம் வாச்சாத்தி. ஸ்ரீநிவாஸ் இறந்து எட்டு மாதம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை, 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-ல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அதே சந்தன மரம், அதே மாதிரி மலை மக்கள், அதே காக்கி. ஸ்ரீநிவாஸ் உயிரோடு இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று சொல்ல முடியாது, அவர் ஒரு அதிகாரி, வாச்சாத்தி வேறு மாநிலம். ஆனால் காக்கி போட்டுக்கொண்டு வேறு விதமாகவும் நடந்துகொள்ள முடியும் என்பதற்குக் கோபிநத்தத்தில் ஒரு சாட்சி இருந்தது.

வீரப்பன் 2004 அக்டோபர் 18-ல் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்ரீநிவாஸ் இறந்து கிட்டத்தட்ட 13 வருஷம் ஓடியிருந்தது. அந்த இடைவெளியில் நடிகர் ராஜ்குமாரை 108 நாள் கடத்தி வைத்திருந்ததும் உண்டு, அது தனிக் கதை.

இப்போது கோபிநத்தத்தில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் சுற்றுலா முகாம் நடத்துகிறது. ஸ்ரீநிவாஸ் ஓட்டிய ஜீப்பை வனத்துறை பழுதுபார்த்துப் பாதுகாத்து வைத்திருக்கிறது. மாரியம்மன் கோயிலில் அவருடைய படம் இருக்கிறது, சாமி படங்களோடு. ஊர்க்காரர்கள் அதற்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறார்கள்.

சேலத்தில் உங்களுக்கு இன்னும் சொந்தக்காரர்கள் இருந்து, அந்தப் பக்கம் போகிற வாய்ப்பு கிடைத்தால்: மேட்டூரில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் பாலாறு வரும். அங்கிருந்து கோபிநத்தத்துக்குப் பாதை பிரிகிறது. வழி நெடுக காடுதான், இருட்டுவதற்குள் போய்விடுங்கள்.