டன்லப்பும் காற்றுச் சக்கரமும்

நம் பெற்றோர் வெட்டியெடுத்த ரப்பர்ப் பால், டயராகி உலகச் சாலைகளில் உருண்டதை அறிவீர்கள். அந்த டயருக்குள் காற்றை அடைத்துப் புழக்கத்திற்குக் கொணர்ந்தவர் ஜான் பாய்ட் டன்லப்.

1840இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக விளங்கினார். இயந்திரக் கல்வி பயின்றவரல்லர். அக்காலச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டையோ கெட்டி ரப்பரோதான் உண்டு. கல் பாவிய தெருக்களில் ஏறிச் செல்வோரின் எலும்பெல்லாம் அதிரும். தம் சிறு மகனின் மூன்று சக்கர மிதிவண்டி அவ்வாறு குலுங்குவதைக் கண்ட டன்லப், 1887இல் ஒரு மரவட்டின் விளிம்பில் மெல்லிய ரப்பர்க் குழாயைச் சுற்றிக் காற்றடைத்தார். அதனையும் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது பாதியிலேயே சாய்ந்தது. புதியதோ முற்றத்தைக் கடந்து மோதியே நின்றது! கல்லின் மேட்டை உள்ளிருக்கும் காற்று ஏற்று அமுங்குவதால் சக்கரம் துள்ளுவதில்லை, வேகமும் வீணாவதில்லை. மகனின் சுகத்திற்காகச் செய்தது, 1889இல் பெல்பாஸ்ட் மிதிவண்டிப் பந்தயங்களையே வென்றது.

1888இல் அவர் பெற்ற காப்புரிமை நிலைக்கவில்லை. ராபர்ட் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்தியர் 1845இலேயே இதற்கு உரிமை பெற்றிருந்தார். மிதிவண்டி பரவாத காலமாதலால் தாம்சனின் முயற்சி மறக்கப்பட்டிருந்தது. முதன்மை தாம்சனுக்கே உரியது என்பதே நியாயம். ஆயினும் டன்லப் பிறர் பொருளைக் கவர்ந்தவரல்லர், அறியாமலே தாமும் கண்டவர்.

பின்னர் அவர் நிறுவனத்தைவிட்டு விலகினார். 1921இல் டப்ளினில் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனமோ மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களை வைத்திருந்தது. நம் தமிழர் பலர் அங்கே பால் வெட்டினர்.